சிமுலேட்டரில் தப்பு செய்து பழகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டுநர்களுக்கு சிமுலேட்டரில் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள், பஸ் லாரி ஓட்டுபவர்கள், எழுபதைத் தாண்டிய பெரியவர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், என்னையே திணறடித்தவை கடைசியில்.

சிமுலேட்டர்னா வீடியோ கேம் மாதிரிதானே சார்?

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஓர் இருக்கை, ஸ்டீயரிங், பெடல்கள், எதிரே மூன்று திரைகள். ஆனால் கேம் உங்களை எழுந்து போகவிடாமல் பிடித்து வைக்க வேண்டும், அதனால் நொடிக்கு நொடி ஏதாவது நடக்கும். சிமுலேட்டரில் பெரும்பாலான நேரம் ஒன்றுமே நடக்காது. பத்து நிமிடம் சும்மா ஓட்டிக்கொண்டு போவீர்கள். பதினோராவது நிமிடம், ஓரமாக நிற்கும் லாரிக்கு முன்னாலிருந்து ஒரு பையன் சாலையில் கால் வைப்பான். அந்தப் பத்து நிமிடச் சலிப்பை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, அது எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே இருக்கிறது. பிரேக்கில் எப்போது கால் பட்டது, எவ்வளவு அழுத்தம், வண்டி லேனுக்குள் எத்தனை சென்டிமீட்டர் ஆடியது, கண்ணைத் தொடரும் கேமரா இருந்தால் பார்வை எங்கே இருந்தது என்பது வரை. யோசனை பழையதுதான். எட்வின் லிங்க் 1929லேயே விமானிகளுக்குத் தரையிலேயே பறந்து பழக ஒரு பெட்டியைச் செய்துவிட்டார். கார் பக்கம் வர நாளாயிற்று. டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனம் பெர்லினில் முழுக் காரையே கூண்டுக்குள் ஏற்றி அசைக்கிற சிமுலேட்டரைத் திறந்தது 1985ல்.

மனிதத் தவறுன்னா கவனக்குறைவுதானே? அதுல ஆராய என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டால் கோப்பை மூடிவிடலாம், அடுத்த விபத்தைத் தடுக்க ஒன்றும் கிடைக்காது. இந்த வார்த்தையைப் பிரித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர். ஒரு நாள் டீ போட்டுக்கொண்டிருந்தபோது பூனை பசியில் கத்த, பூனைக்கான உணவை எடுத்து டீ ஜாடிக்குள் போட்டுவிட்டாராம். அவருக்கு டீ போடவும் தெரியும், பூனைக்கு உணவு வைக்கவும் தெரியும். அப்படியானால் எது தவறியது? அங்கிருந்துதான் அவருடைய தேடல் கிளம்பியது.

அவர் பிரித்தபடி பார்த்தால் நான்கு வகை. கை தவறுவது: இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைத் தட்டிவிடுவது. மறந்துபோவது: ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே கிளம்புவது. தப்புக் கணக்கு: எதிரே வரும் வண்டி தூரத்தில் இருக்கிறது என்று நினைத்து ஓவர்டேக் எடுப்பது. நான்காவது மீறல்: சிவப்பு என்று தெரிந்தே போவது. முதல் மூன்றும் வேண்டுமென்று செய்வதல்ல, நான்காவது தெரிந்தே செய்வது. 1990ல் ரீசனும் மான்செஸ்டரில் அவருடன் இருந்தவர்களும் ஓட்டுநர்களிடம் இதைக் கேள்வித்தாளாகக் கொடுத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் விபத்தோடு அதிகம் ஒட்டி நின்றது மீறல்தான். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

விபத்துல 94 சதவீதம் டிரைவர் தப்புன்னு எங்க பார்த்தாலும் போட்டிருக்காங்களே, உண்மையா?

எண் உண்மை, அதற்குச் சொல்லப்படும் பொருள் தவறு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2005 முதல் 2007 வரை 5,470 விபத்துகளை ஆராய்ந்து, 2015ல் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டது. ஒவ்வொரு விபத்திலும் மோதலுக்கு முந்தைய சங்கிலியில் கடைசி முக்கியக் கண்ணி எது என்று பார்த்தார்கள். 94 சதவீதத்தில் அது ஓட்டுநரின் கையில் இருந்தது. இதை விபத்தின் காரணம் என்றோ யார் மீது பழி என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியைத்தான் யாரும் பகிர்வதில்லை. 1979ல் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வும் இதேபோல 90 சதவீதத்துக்கு மேல் என்று சொன்னது, அதற்கும் இதே கதிதான்.

யோசித்துப் பாருங்கள். கடைசி நொடியில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் ஓட்டுநர்தான். கடைசிக் கண்ணியைத் தேடினால் அவர்தானே அகப்படுவார்? வளைவில் மரம் மறைத்ததும், சிக்னல் விளக்கு எரியாததும், பதினாலு மணி நேர டூட்டி போட்டதும் சங்கிலியில் முன்னாலேயே முடிந்துபோன கண்ணிகள்.

அப்போ டிரைவர் மேல தப்பே கிடையாதுன்னு சொல்றீங்களா?

இல்லை. தெரிந்தே செய்த மீறலுக்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் "மனிதன் தவறுவான்" என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு சாலையையும் வண்டியையும் அமைப்பது ஒரு வழி. சாலையில் உயிரிழப்பே கூடாது என்று ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997ல் ஏற்ற விஷன் ஜீரோ கொள்கையின் அடிப்படையே அதுதான்.

சிமுலேட்டருக்கும் இதில் பங்கு உண்டு. முன்பு சொன்ன பெர்லின் சிமுலேட்டரில் சாதாரண ஓட்டுநர்களுக்கு திடீர் ஆபத்தைக் காட்டியபோது, பெரும்பாலானோர் பிரேக்கை வேகமாகத்தான் மிதித்தார்கள், ஆனால் போதுமான அழுத்தத்தோடு மிதிக்கவில்லை. இன்னும் அழுத்துங்கள் என்று உலகத்துக்கெல்லாம் பாடம் நடத்துவதை விட, கால் பட்ட வேகத்தை வைத்தே அவசரத்தைப் புரிந்துகொண்டு முழு அழுத்தத்தையும் தானே கொடுக்கிற பிரேக் அசிஸ்டை 1996ல் மெர்சிடிஸ் கார்களில் கொண்டுவந்தார்கள். மனிதனைத் திருத்தப் போய் வண்டியைத் திருத்திய கதை. எனக்கு மிகவும் பிடித்தது.

நான் ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் எடுத்தேன். அந்த பைக் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்க.

நான் நினைக்கவில்லை. ஒரு பஸ் ஓட்டுநரின் பதிவைச் சொல்கிறேன். ஜங்ஷனில் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், எடுத்தார், பைக்கை இடித்தார். "பைக்கே இல்ல சார், உங்க மெஷின் திடீர்னு விட்டுடுச்சு" என்றார். பதிவை ஓட்டிக் காட்டினேன். அவர் பார்வையைக் காட்டும் சிவப்புப் புள்ளி வலப்பக்கம் போகிறது, வந்துகொண்டிருக்கும் பைக்கின் மேலேயே ஒரு கணம் நிற்கிறது, திரும்பிவிடுகிறது. கண் அதன் மேல் பட்டிருக்கிறது. மனதில் ஏறவில்லை. மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார். அப்புறம் பேசவே இல்லை.

இதற்குப் பல காரணங்கள். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில் மூளை படத்தை அணைத்துவிடுகிறது, தாவலுக்கு நடுவில் இருப்பது நழுவிப்போகும். காரின் முன்கண்ணாடி ஓரத்தில் இருக்கும் கம்பம் தூரத்து பைக்கை முழுசாகவே மறைக்கும். எல்லாவற்றையும் விட, எதை எதிர்பார்க்கிறோமோ அதைத்தான் பார்க்கிறோம். உளவியலாளர்கள் சைமன்ஸும் சாப்ரிஸும் 1999ல் வெளியிட்ட சோதனையில், பந்து கைமாறுவதை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் நடுவே நடந்துபோன கொரில்லா வேடக்காரரைப் பார்க்கவே இல்லை. ஜங்ஷனில் நாம் காரையும் லாரியையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது எளிய விஷயம்: தலையை ஒரே வீச்சாகத் திருப்பாமல், இரண்டு மூன்று இடங்களில் நிறுத்திப் பாருங்கள், எடுப்பதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள். உடம்பையே கொஞ்சம் முன்னால் சாய்த்தால் கம்பத்துக்குப் பின்னால் இருப்பதும் தெரியும்.

போனை ரெண்டு செகண்டு பார்த்தா என்ன ஆயிடப்போகுது?

கணக்கு போட்டுவிடலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். இரண்டு நொடியில் 44 மீட்டர், கண்ணைக் கட்டிக்கொண்டு. நிமிர்ந்து பார்த்ததும் உடனே பிரேக் பிடிக்க மாட்டீர்கள். என்ன நடக்கிறது என்று புரிந்து கால் நகர ஒன்று ஒன்றரை நொடி போகும். இன்னொரு 30 மீட்டர்.

இந்த இரண்டு நொடி என்ற அளவும் சும்மா வந்ததல்ல. அமெரிக்காவில் 100 கார்களில் கேமரா பொருத்தி ஒரு வருடம் சாதாரணமாக ஓட்ட விட்டார்கள், முடிவுகள் 2006ல் வந்தன. பார்வை மொத்தமாக இரண்டு நொடிக்கு மேல் சாலையை விட்டு விலகியபோது, மோதும் அல்லது மோதலை நெருங்கும் வாய்ப்பு குறைந்தது இரண்டு மடங்காயிற்று. அந்த ஆய்வில் பதிவான மோதல்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தில், அதற்கு முந்தைய மூன்று நொடிக்குள் ஓட்டுநரின் கவனம் வேறெங்கோ போயிருந்தது.

நான் கையில வச்சுப் பேசறதில்ல, ப்ளூடூத்துதான். அது பரவாயில்லையே?

கை சும்மா இருக்கும், மனம் இருக்காது. யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு இதை சிமுலேட்டரிலேயே சோதித்து 2006ல் வெளியிட்டது. 40 பேர், ஒருமுறை போன் பேசிக்கொண்டு, ஒருமுறை ரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹால் வரும் அளவுக்கு, அதாவது அங்கே அப்போதிருந்த சட்ட வரம்பு வரை, குடித்துவிட்டு. போன் பேசியவர்கள் பிரேக் பிடிக்கத் தாமதித்தார்கள், முன்வண்டியை இடித்தவர்களும் அவர்கள்தான். கையில் பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் பெரிய வித்தியாசமில்லை. குடித்தால் பரவாயில்லை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்களுடைய தப்பு வேறு தினுசு.

"பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிறோமே?" என்று உடனே கேட்பீர்கள். அவர் சாலையைப் பார்க்கிறார். நெருக்கடி வந்தால் பேச்சை நிறுத்துகிறார், சில சமயம் "ஏய், பாத்து" என்றும் கத்துகிறார். போனில் இருப்பவருக்கு உங்கள் முன்னால் லாரி வருவது தெரியாது.

பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலரேட்டரை மிதிச்சுட்டேன்னு சொல்றதெல்லாம் நம்பற மாதிரியா இருக்கு?

நம்பலாம். நான்கு வகையில் முதல் வகை, கை தவறுவதன் கால் வடிவம். 1980களில் தானாகவே வேகமெடுக்கும் கார்கள் என்று அமெரிக்காவில் பெரிய புகார் கிளம்பியது. அரசு ஆய்வு 1989ல் வந்தபோது, வண்டியில் கோளாறு அகப்படாத பெரும்பாலான சம்பவங்களுக்குப் பெடல் மாறிப்போனதே விளக்கம் என்றது.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ரிவர்ஸ் எடுக்க உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறீர்கள். இடுப்பு திரும்பும்போது கால் சில சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. காலைப் பார்த்து யாரும் பெடலை மிதிப்பதில்லை. மிதித்ததும் வண்டி பாய்கிறது. நீங்கள் மிதித்திருப்பது பிரேக் என்று உங்கள் மூளை சத்தியம் செய்கிறது. பிரேக் பிடிக்கவில்லை என்றால் மனிதன் என்ன செய்வான்? இன்னும் அழுத்துவான். எங்கள் பதிவு ஒன்றில் ஆக்சிலரேட்டர் கோடு மேலே போய் நான்கு நொடி அப்படியே நிற்கிறது, பிரேக் கோடு தரையில் கிடக்கிறது. ஓட்டிய அம்மா "பிரேக்கைத்தான் அமுக்கிட்டே இருந்தேன்" என்றார். அது உண்மை என்றே அவர் நம்பினார்.

இதுல பழகினா நிஜ ரோட்டுல விபத்து குறையும்னு ஆதாரம் இருக்கா? இல்ல, சும்மா வியாபாரமா?

இரண்டும் இருக்கிறது. விற்பவர்கள் சொல்லும் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கிடையாது. உறுதியாக நிற்பது ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் பயிற்சிதான். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஃபிஷர் குழு சாதாரணக் கணினியில் ஓடும் ஒரு பயிற்சியை உருவாக்கியது. மறைவான இடங்களைக் காட்டி, எங்கே ஆபத்து ஒளிந்திருக்கும் என்று ஓட்டுநரையே குறிக்கச் சொல்லும். பயிற்சி எடுத்த புதியவர்கள் அதன்பின் சிமுலேட்டரிலும் நிஜச் சாலையிலும் அந்த இடங்களைக் கூடுதலாகப் பார்த்தார்கள். அப்புறம் கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் எடுத்த 5,000க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் ஒரு வருடம் விபத்தை எண்ணிப் பார்த்தார்கள். ஆண்களில் விபத்து விகிதம் சுமார் 23 சதவீதம் குறைவு. பெண்களிடம் அப்படிப் பலன் தெரியவில்லை.

பெரியவர்களிடம் செய்த ஒரு சோதனை இன்னும் தெளிவானது. ரோமோசரும் ஃபிஷரும் 2009ல் வெளியிட்டது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஜங்ஷனில் திரும்பத் தொடங்கியபின் மறுபடி பக்கவாட்டில் பார்ப்பது குறைவு. ஒரு குழுவுக்கு வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அவர்கள் ஓட்டிய காணொளியையே காட்டி, சிமுலேட்டரில் திரும்பச் செய்ய வைத்தார்கள். வகுப்பில் கேட்டவர்கள் மாறவில்லை. தாங்கள் பார்க்காமல் விட்டதைத் தாங்களே கண்ணால் பார்த்தவர்கள், ஏறக்குறைய இரு மடங்கு முறை திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு வருடம் கழித்துச் சோதித்தபோதும் அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி தங்கியிருந்தது.

வண்டி சறுக்கினா எப்படி மீட்கறதுன்னு கத்துக் குடுங்க சார், அதுதானே உயிரைக் காப்பாத்தும்?

எல்லோரும் ஆசையோடு கேட்பது இதைத்தான். நான் தயங்குவதும் இதற்குத்தான். நார்வேயில் 1979 முதல் புது ஓட்டுநர்களுக்குச் சறுக்குத் தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பின்னால் கணக்கெடுத்தபோது, இளம் ஆண்களிடம் வழுக்கும் சாலை விபத்து குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. கேட்டவர்கள் முதலில் நம்பவில்லை.

ஸ்வீடனில் நில்ஸ் பீட்டர் கிரெகர்சன் இதை 1996ல் விளக்கினார். ஒரு குழுவுக்கு வழுக்கும் தளத்தில் வண்டியைக் கையாளும் திறமையைக் கற்பித்தார். இன்னொரு குழுவுக்கு "உன்னால் இதை நம்பகமாகச் செய்ய முடியாது" என்பதை உணர வைத்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவின் திறமையும் ஒன்றே. ஆனால் முதல் குழு தன்னைப் பெரிய ஆளாக மதிப்பிட்டது. அரைகுறைத் திறமை, முழுத் தைரியம். அப்படிப்பட்டவர் மழையில் வேகத்தைக் குறைக்க மாட்டார்.

அதனால் நான் சறுக்கலைக் காட்டுவேன், ஆனால் தோற்கிற மாதிரி. 60ல் வரும்போது மீட்க முடிகிற வளைவில் 75ல் வரச் சொல்வேன். மூன்று முறை கவிழ்ந்தபின் அவர்களே கேட்பார்கள், "அப்போ மெதுவா வர்றதைத் தவிர வழியில்லையா?" இல்லை.

பத்து நிமிஷத்துல எனக்குத் தலை சுத்தி வாந்தி வந்துடுச்சு. எனக்கு உடம்புல ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. வண்டி போகிறது, திரும்புகிறது என்று கண் சொல்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறோம் என்று உள்காது சொல்கிறது. இந்தச் சண்டையில் வயிறு புரளுகிறது. நிஜக் காரில் நன்றாக ஓட்டுபவர்களுக்கும் வரும். 1993லிருந்து இதை அளக்க 16 அறிகுறிகள் கொண்ட ஒரு கேள்விப்பட்டியலே புழக்கத்தில் இருக்கிறது.

முதல் நாள் ஐந்து நிமிடம் நேர்சாலை மட்டும், கூர்மையான திருப்பமும் சடன் பிரேக்கும் வேண்டாம். அறை குளிர்ச்சியாக, காற்று முகத்தில் படும்படி இருக்கட்டும். லேசாகக் குமட்டினாலே நிறுத்துங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்க நினைக்காதீர்கள். சரியாகும்வரை நிஜ வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவும் வேண்டாம்.

நகர்ற மேடை, சுத்திலும் திரைன்னு இருக்கறதையே வாங்கலாமா? எங்க கம்பெனில கேட்கச் சொன்னாங்க.

எதற்கு என்பதைப் பொறுத்தது. வண்டியின் பிரேக், சஸ்பென்ஷன் ஆய்வு என்றால் ஐயோவா பல்கலைக்கழகத்தில் இருப்பதைப் போன்ற பெரிய நகரும் மேடை தேவை. ஜங்ஷனில் எங்கே பார்ப்பது என்று பழக்க அது வேண்டாம், பக்கவாட்டுத் திரைகள் மட்டும் அவசியம் வேண்டும். நேரே ஒரே திரை இருந்தால் தலையைத் திருப்பவே இடமில்லை, அப்புறம் எதைப் பழகுவது?

நான் பார்த்தவரை பணம் தவறான இடத்தில் போகிறது. மேடைக்குக் கொட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பதிவைப் போட்டுக்காட்டிப் பேசத் தெரிந்த பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்க மனம் வருவதில்லை. மேலே சொன்ன பெரியவர்கள் மாறியது மேடை அசைந்ததால் அல்ல.

இதுல மோதினா ஒண்ணும் ஆகறதில்லயே, பயமே இல்லாம எப்படிப் பாடம் ஏறும்?

நியாயமான சந்தேகம். சிமுலேட்டரில் மக்கள் கொஞ்சம் வேகமாகவே ஓட்டுகிறார்கள், வேகத்தைக் குறைவாக உணர்கிறார்கள். அதனால் அங்கே கிடைக்கும் எண்ணை அப்படியே சாலைக்கு எடுத்துவர முடியாது. ஆனால் எது மோசம், எது பரவாயில்லை என்ற வரிசை பெரும்பாலும் பொருந்துகிறது. இங்கே போன் பேசினால் தாமதம் என்றால் அங்கேயும் தாமதம்.

பயத்தை நான் நம்பியிருக்கவும் இல்லை. கண்ணாடி நொறுங்கி ரத்தம் தெறிக்கிற காட்சியைச் சிலர் வைக்கிறார்கள், ஒரு வாரம் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். மனதில் தங்குவது வேறு: "நான் அப்படிச் செய்ய மாட்டேன்" என்று நினைத்திருந்த ஆளே அதைச் செய்ததைத் திரையில் பார்ப்பது. அந்த பஸ் ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கக் கலக்கத்தோட ஓட்டினா எப்படி இருக்கும்னு இதுல காட்ட முடியுமா?

காட்ட முடியும், எச்சரிக்கையோடு. தூக்கமில்லாதவர் லேனுக்குள் எவ்வளவு அலைகிறார் என்பது சிமுலேட்டரில் துல்லியமாகத் தெரியும். முதலில் கோடு மெல்ல அலைகிறது, அப்புறம் சட்டென்று ஒரு திருத்தம், மறுபடி அலைகிறது. இமை மூடிய அந்த மூன்று நொடி அவருக்கு நினைவே இருக்காது.

டாசன், ரீடு என்ற ஆய்வாளர்கள் 1997ல் காட்டியது: 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் என்றால் 0.10. இதற்குப் பயிற்சி எதுவும் மருந்தாகாது. டூட்டி அட்டவணை போடுபவரைத்தான் என் இருக்கையில் உட்காரவைக்க வேண்டும்.

இருபது வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் இல்ல. எனக்கு எதுக்கு இது?

ஸ்வீடன் நாட்டு ஓலா ஸ்வென்சன் 1981ல் அமெரிக்க மாணவர்களைக் கேட்டபோது, 93 சதவீதம் பேர் தாங்கள் குழுவின் நடுமட்டத்தை விடத் திறமையான ஓட்டுநர் என்றார்கள். நடுமட்டத்துக்கு மேலே பாதிப் பேர்தான் இருக்க முடியும்.

உங்கள் அனுபவம் பொய்யில்லை. ஆனால் அனுபவத்தின் இன்னொரு முகம், கை கால் தானாக ஓடுவது. பூனை உணவை ஜாடியில் போட்டவர் டீ போடுவதில் புதியவரல்ல. கை தவறுதலும் மறதியும் பழகியவர்களுக்கே அதிகம் வரும். புதியவருக்குத் தப்புக் கணக்குதான் அதிகம்.

ஒண்ணுமே தெரியாதவங்க சிமுலேட்டர்ல கத்துட்டு நேரா ரோட்டுக்குப் போயிடலாமா?

கூடாது. கிளட்ச், கியர், லேனைப் பிடிப்பது இதெல்லாம் அங்கே தொடங்கலாம். நிஜ வண்டிக்கு மாற்று கிடையாது. தொழில்முறை ஓட்டுநர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2003ல் கொண்டுவந்த விதியும் இதே அளவுகோலில்தான் இருக்கிறது: ஒவ்வொருவரும் ஓட்டிப் பழக வேண்டிய 20 மணி நேரத்தில் அதிகபட்சம் 8 மணி நேரத்தைத் தனித் தளத்திலோ தரமான சிமுலேட்டரிலோ செலவிடலாம்.

சிமுலேட்டர்ல நல்லா ஓட்டினவரை கண்ணை மூடிட்டு வேலைக்கு எடுக்கலாமா?

ஒருவரால் என்ன முடியும் என்பதை அது காட்டும். யாரும் பார்க்காதபோது என்ன செய்வார் என்பதைக் காட்டாது. முன்பு சொன்ன நான்காம் வகை நினைவிருக்கிறதா? நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் சிவப்பு விளக்கைத் தாண்டுவதில்லை. விபத்தோடு அதிகம் ஒட்டி நிற்கும் வகையே என் இருக்கையில் மறைந்துகொள்கிறது. ஆபத்தைப் பார்க்கவே தெரியாதவரை அடையாளம் காணலாம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

இனிமே கார் தானா ஓட்டும்னு சொல்றாங்க. இந்தப் பயிற்சியெல்லாம் எதுக்கு?

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983ல் தொழிற்சாலைகளை வைத்து ஒரு விஷயம் சொன்னார். எளிதான வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளும், அது கைவிடுகிற கடினமான நேரத்தில் மட்டும் மனிதனைக் கூப்பிடும். அதற்குள் அவன் கைப்பழக்கத்தை இழந்திருப்பான். பாதித் தானியங்கிக் காருக்கு இது அப்படியே பொருந்துகிறது. அரை மணி நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் சில நொடியில் ஸ்டீயரிங்கை வாங்கி, எங்கே இருக்கிறோம் என்று புரிந்துகொண்டு ஓட்ட வேண்டும். இதை நிஜச் சாலையில் பழக்க முடியாது. சிமுலேட்டருக்கு வேலை கூடத்தான் போகிறது.

கடைசியா ஒண்ணு. நான் பண்ணின தப்பெல்லாம் இதுல இருக்கே, அது எங்க முதலாளிக்குப் போகுமா?

உட்காருவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் உட்காராதீர்கள். பதிவு தண்டனைக்குப் போகும் என்று தெரிந்தால் எல்லோரும் பரீட்சை எழுதுவதுபோல ஓட்டுவார்கள், தப்பு வெளியே வராது, பயிற்சியும் இருக்காது. விமானத் துறை இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் அமைப்புக்கு விமானிகள் தங்கள் தவறைத் தாங்களே எழுதி அனுப்புகிறார்கள். பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லோருக்கும் பரப்புகிறார்கள்.

நான் முதலாளிக்குக் கொடுப்பது வந்தார், முடித்தார் என்ற இரண்டு வரி மட்டும். பேசி முடித்ததும் பதிவை அழிக்கும் பொத்தானை ஓட்டுநரையே அழுத்தச் சொல்கிறேன். அந்த பஸ் ஓட்டுநர் மட்டும் அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க சார், எங்க பையன் இப்போதான் வண்டி கத்துக்கறான்" என்றார்.